வயசானா அப்படித்தானா?

"வயசானா அப்படித்தான்." அப்பா சில மாதங்களாகச் செய்தித்தாளைப் பிரிப்பதில்லை, மடித்தது மடித்தபடியே கிடக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், உறவுக்காரர் யாராக இருந்தாலும் இந்தப் பதில்தான் வரும். அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார், சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவுகிறார் என்றாலும் இதேதான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கவலைப்படுகிறவரைத் தேற்றத்தான் சொல்கிறார்கள். ஆனால் தேறுவது மகனும் மருமகளும். கட்டிலில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி இனி யாரும் விசாரிக்கத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது.

நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிர். மனக்கஷ்டத்தைத் தாங்கிச் சமாளிப்பதில் வயதானவர்கள் பொதுவாக இளையவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. பல ஆய்வுகளில் ஒரு படி மேலேயே இருக்கிறார்கள். ஆகவே அவர்களில் ஒருவர் துவண்டுபோனால் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகரக் கூடாது. ஏதோ நடந்திருக்கிறது, அது என்னவென்று தேட வேண்டும். "அப்படித்தான்" என்ற பேச்சுக்குப் பின்னால் பல நம்பிக்கைகள் கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பார்க்கலாம்.

முதல் நம்பிக்கை: முதுமை என்றாலே மனம் சோர்ந்துதான் இருக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருக்கும் லாரா கார்ஸ்டென்சன் இதைச் சோதிக்க ஓர் எளிய வழியைக் கண்டார். 18 வயது முதல் 94 வயது வரை உள்ள 184 பேரிடம் ஆளுக்கொரு பேஜரைக் கொடுத்தார். ஒரு வாரம், நாளைக்கு ஐந்து முறை, எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். ஒலித்த அந்தக் கணத்தில் மனதில் என்ன இருக்கிறது, கோபமா, சந்தோஷமா, பயமா, சலிப்பா என்று குறிக்க வேண்டும். 2000-இல் வெளியான முடிவு பலரும் எதிர்பார்க்காதது. இனிய உணர்வுகள் வயதால் குறையவில்லை. கசப்பான உணர்வுகளோ வயது ஏற ஏற, ஏறக்குறைய அறுபது வரைக்கும், குறைந்துகொண்டே போயின.

வயதானவர்களுக்குத் தொல்லை குறைவு, அதனால்தான் என்று ஒருவர் மடக்கலாம். 2020 ஏப்ரல் அந்தக் கேள்விக்கும் ஒரு சந்தர்ப்பத்தைக் கொடுத்தது. கொரோனாவால் அதிகம் செத்தவர்கள் முதியவர்கள். அது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். அந்த மாதம் 18 முதல் 76 வயது வரையிலான 945 அமெரிக்கர்களிடம் கார்ஸ்டென்சன் குழு விசாரித்தபோதும், வயது கூடியவர்களே மற்றவர்களைவிட நிதானமாக இருந்தார்கள். மீதி நாள் குறைவு என்று தெரிந்தவர் யாரோடு பேச வேண்டும், எதற்குக் கோபப்பட வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார் என்பது கார்ஸ்டென்சன் தரும் விளக்கம். பத்திரிகை வைக்கவில்லை என்று பத்து வருஷம் பேசாமலிருந்த பெரியப்பாவை நீங்கள் எனக்குக் காட்டலாம். எனக்கும் அப்படி ஆட்களைத் தெரியும். நான் சொல்வது சராசரியை.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை, நமக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. ஆண்ட்ரூ ஸ்டெப்டோ, ஆங்கஸ் டீட்டன், ஆர்தர் ஸ்டோன் ஆகிய மூவரும் 2015-இல் 'லான்செட்' இதழில் உலக நாடுகளை ஒப்பிட்டு எழுதினார்கள். நடுவயதில் இறங்கி முதுமையில் மறுபடி ஏறுகிற மனநிறைவு ஆங்கிலம் பேசும் பணக்கார நாடுகளில்தான் தெளிவாகத் தெரிந்தது. பழைய சோவியத் நாடுகளிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வயது ஏற ஏற மனநிறைவு இறங்கிக்கொண்டே போனது. இது என் வாதத்துக்கு எதிரானதுபோலத் தோன்றும். எனக்கு அது துணைக்கு வருவதாகவே படுகிறது. மூட்டு அங்கேயும் தேய்கிறது, இங்கேயும் தேய்கிறது. கண்புரை எல்லா நாட்டிலும் வருகிறது. வயதுதான் காரணம் என்றால் முடிவு எங்கும் ஒன்றுபோல இருந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்குகிறது என்றால், வயதைத் தாண்டி ஓய்வூதியம், மருத்துவம், வீடு, நாட்டின் நிலைமை என்று வேறெங்கோதான் காரணத்தைத் தேட வேண்டும்.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. இந்திய முதுமை பற்றிய நீண்டகால ஆய்வு (லாசி என்பார்கள்) 2017-18-இல் 45 வயதைத் தாண்டிய எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தது. கேள்விகள் கேட்டு அளந்து பார்த்ததில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. தேசத்தின் அளவில் அது பெரிய கூட்டம்தான். ஆனாலும் மூட்டு வலியையும் சுகரையும் பென்ஷன் இல்லாத மாதக் கடைசியையும் வைத்துக்கொண்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றோரு பேருக்கு மேல் அந்த நோய் இல்லாமல் இருக்கிறார்கள். "அப்படித்தான்" என்றால் இந்தத் தொண்ணூற்றொன்று எங்கிருந்து வந்தது?

இந்த நம்பிக்கை பெரியவர்களின் வாயிலும் ஏறிவிட்டது என்பது வேறு விஷயம். "எனக்கென்னப்பா, காடு வா வாங்குது" என்று அறுபத்திரண்டு வயதிலேயே சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி, ஒஹாயோ மாநிலத்தில் ஐம்பதைத் தாண்டிய 660 பேரின் பழைய பதில்களைப் பின்தொடர்ந்து 2002-இல் ஒரு கட்டுரை எழுதினார். தம் முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருந்தவர்கள், கெட்ட எண்ணம் வைத்திருந்தவர்களைவிட ஏழரை வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எண்ணம் மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று நான் சாதிக்கப்போவதில்லை. ஆனால் "அப்படித்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றும் செய்யாத வெறும் பேச்சு என்று இனி நினைக்க முடியாது.

இரண்டாவது நம்பிக்கைதான் ஆபத்தானது: இது மனசு சம்பந்தப்பட்டதே இல்லை, வயசுக்கு வருகிற உடம்புக் கோளாறு. லாசி ஆய்விலேயே இன்னோர் எண் இருக்கிறது. தங்களுக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்னதாகக் கூறிய முதியவர்கள் 0.8 சதவீதம். கேள்வி கேட்டுக் கண்டது 8.3, மருத்துவர் சொல்லித் தெரிந்தது 0.8. பத்தில் ஒரு பங்கு. மீதிப் பேர் மருத்துவரையே பார்க்கவில்லையா? பார்த்தார்கள், நிறையவே பார்த்தார்கள். அவர்கள் வீட்டில் மருத்துவச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் கட்டைப்பையைத் திறந்து பாருங்கள். ஜவுளிக்கடைப் பையில் வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி, எக்கோ, முதுகுத்தண்டு எம்ஆர்ஐ, நாலு ஊர் டாக்டர் சீட்டு. எல்லாவற்றிலும் 'நார்மல்', அல்லது 'வயதுக்கேற்ற தேய்மானம்'.

வயதானவரின் மனச்சோர்வு "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. நெஞ்சு படபடப்பு, கை கால் குடைச்சல், வயிறு உப்புசம், தலைக்குள் ஓர் இரைச்சல், வாய் கசப்பு என்று வரும். அழுகைகூட இருக்காது. முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, விடிவதற்கு முன்பே விழிப்பு வந்து அந்த நேரத்தில் மனம் மிகவும் கனத்துக் கிடப்பது, பொழுது ஏறினால் சற்றுத் தேறுவது, "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்" என்ற பேச்சு அடிக்கடி வருவது: இவற்றைத்தான் பார்க்க வேண்டும். மருத்துவர் "பசிக்குதாம்மா? தூக்கம் வருதா?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் மகன், "நல்லாத்தான் சாப்பிடுறாங்க டாக்டர், சும்மா எதையாவது நினைச்சுக்கிட்டே இருப்பாங்க" என்று பதில் சொல்லிவிடுவார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிடும்.

இது எதிர்த்திசையிலும் நடக்கும்: உடம்புக் கோளாறு மனச்சோர்வு போலத் தெரியலாம், மனச்சோர்வை இழுத்துக்கொண்டும் வரலாம். தைராய்டு சுரப்பு குறைந்தால் ஆள் மந்தமாகி, பேச்சு குறைந்து, பார்ப்பதற்கு மனச்சோர்வு போலவே இருக்கும். பி12 சத்து குறைந்தாலும் அப்படித்தான். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயங்கள் இவை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருகிறது. பிசியோதெரபிக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதாக வீட்டார் குறைபட்டுக்கொள்ளும் பலரில் அது இருக்கக்கூடும். காது மந்தமாகிப் போனவர் கூட்டத்தில் உட்கார்ந்து, எல்லோரும் சிரிக்கும்போது காரணம் புரியாமல் தானும் சிரித்து, அடுத்த முறை வராமலே இருந்துவிடுகிறார். அவரை மூலையில் உட்காரவைத்தது வயதல்ல. பலருக்கு ஒரு காதுக்கருவி போதும்.

மறதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். "அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சுடுச்சு" என்று முடிவு கட்டப்பட்டவர்களில் சிலருக்கு இருப்பது மனச்சோர்வு. மறதி நோய் உள்ளவர் பெரும்பாலும் தன் மறதியை மறைப்பார், எதையாவது சொல்லிச் சமாளிப்பார். மனச்சோர்வு உள்ளவர் எதைக் கேட்டாலும் "தெரியலை, ஞாபகம் இல்லை, என்னை விட்டுடு" என்பார். இது வீட்டில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்வதற்கான அளவுகோல் அல்ல. முதுமையில் முதன்முதலாக வரும் மனச்சோர்வு சில நேரம் மறதி நோயின் தொடக்கமாகவும் இருப்பதுண்டு. இரண்டில் ஒன்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது என்பதற்காகவாவது ஒரு மருத்துவரிடம் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது: "பிள்ளைங்களோட இருந்தா இதெல்லாம் வராது." கூட்டுக் குடும்பம் போனது, முதியோர் இல்லம் வந்தது, அதுதான் எல்லாத் துக்கத்துக்கும் காரணம் என்று பட்டிமன்ற மேடைகளில் கைதட்டல் வாங்கும் வாதம் இது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் மறுப்பது கஷ்டம்.

விக்ரம் பட்டேலும் மார்ட்டின் பிரின்ஸும் கோவாவில் முதியவர்களிடமும் ஊர் மக்களிடமும் பேசி 2001-இல் எழுதினார்கள். மனச்சோர்வின் அடையாளங்களை விவரித்தபோது எல்லோருக்கும் அது அடையாளம் தெரிந்தது. ஆனால் யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை. வீட்டில் அன்பு இல்லை, கவனிப்பு இல்லை, பிள்ளைகள் சரியில்லை என்றார்கள். இதே கேள்வியை மதுரையில் கேட்டாலும் இதே பதில் வரும் என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பதிலில் ஒரு கண்ணி இருக்கிறது. மனச்சோர்வு என்று ஒத்துக்கொண்டால் பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று ஊர் சொல்லும். எனவே நன்றாகக் கவனிக்கிற பிள்ளைகளே அதை மூடி மறைக்கிறார்கள்.

ஒரே கூரைக்குக் கீழே இருப்பது துணையாகிவிடாது. காலை எட்டரைக்கு மகன், மருமகள், பேரப்பிள்ளை எல்லோரும் கிளம்பி, மாலை ஏழுக்கு வந்து, ஆளுக்கொரு போனில் உட்கார்ந்தால், நாலு பேர் உள்ள வீட்டில் பெரியவரிடம் ஒரு நாளில் பேசப்படுவது "மாத்திரை போட்டாச்சா?" என்பது மட்டும். அவர் ஏடிஎம் கார்டு மகனிடம் இருக்கிறது, நல்லெண்ணத்தில்தான். பேத்திக்கு ஐம்பது ரூபாய் கொடுக்க அவர் மகனைக் கேட்க வேண்டும். டிவி எந்நேரமும் ஓடுகிறது, ரிமோட் அவர் கையில் இல்லை. சமையலறையில் நாற்பது வருஷம் ஆட்சி நடத்திய அம்மாவிடம் "நீங்க ஏம்மா கஷ்டப்படுறீங்க, உட்காருங்க" என்று கரண்டியைப் பிடுங்குவதும் இதில் சேர்த்திதான். சொந்த ஊரில் தனியாக இருந்துகொண்டு, எதிர்வீட்டோடு வாசலில் நின்று பேசி, கீரைக்காரியிடம் பேரம் பேசும் பாட்டி, பிள்ளையின் அடுக்குமாடியில் பதினோராவது மாடிக்கு வந்து ஆறே மாதத்தில் சுருண்டுபோவதை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். தனியாக வாழ்வது வேறு, தனிமை வேறு.

பாதி உண்மை என்றேனே, அதையும் சொல்கிறேன். அடி, வசவு, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு சோறு போடாமல் விடுவது, இவற்றால் வரும் மனவேதனைக்கு மாத்திரை மட்டும் தருவது அயோக்கியத்தனம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. கோட்டாட்சியரின் தலைமையில் இருக்கும் தீர்ப்பாயத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தர உத்தரவிட முடியும். கவனிப்போம் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஏமாற்றியிருந்தால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய இடமிருக்கிறது. எத்தனையோ பேரின் தூக்கமின்மைக்கு மருந்து கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. "பெத்த பிள்ளை மேல எப்படிப்பா கேஸ் போடுறது" என்று அவர்கள் போவதில்லை. அவர்களுக்காகத்தான் 14567 என்ற முதியோர் உதவி எண். வழக்கு என்று போகாமல் நடுவில் நின்று பேசிவிடவும் அங்கே ஆள் உண்டு.

"துணை போயிட்டா அவ்வளவுதான், அப்புறம் நடைப்பிணம்." இதுவும் அதே சங்கிலியில் ஒரு கண்ணி. அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் முதிய தம்பதிகளை, இருவரும் உயிரோடு இருக்கும்போதே பேட்டி கண்டு வைத்துவிட்டு, பின்னால் ஒருவர் இறந்ததும் மற்றவரைத் தொடர்ந்து சந்தித்தார்கள். அப்படித் துணையை இழந்த 205 பேரின் கதையை ஜார்ஜ் பொனானோவும் சகாக்களும் 2002-இல் எழுதினார்கள். ஏறக்குறைய 46 சதவீதம் பேர் துக்கப்பட்டார்கள், ஆனால் மனச்சோர்வில் விழவே இல்லை. ஏறக்குறைய 16 சதவீதம் பேருக்குத் துக்கம் ஒன்றரை வருஷமாகியும் குறையவில்லை. இவர்களைத்தான் தேடிப்பிடித்து உதவ வேண்டும். இன்னும் ஒரு பத்து சதவீதம் பேர், துணை இருந்தபோது மனச்சோர்வில் இருந்து, போன பிறகு தேறியவர்கள். இதை நம் வீடுகளில் சத்தமாகச் சொல்ல முடியாது. ஆனால் படுக்கையில் கிடந்த கணவருக்கு ஏழு வருஷம் பீ மூத்திரம் அள்ளிய எழுபது வயது மனைவி எவரையாவது அறிந்தவர்களுக்கு இந்த எண் அதிர்ச்சி தராது. வயதான காலத்தின் பெரிய மன அழுத்தமே பல நேரம் இன்னொரு வயதானவரைக் கவனிப்பதுதான். அதை யாரும் வேலை என்று கணக்கில் எடுப்பதில்லை.

நம் ஊரில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. கணவனை இழந்தவரைக் கல்யாண மேடைப் பக்கம் வரவிடாமல், வளைகாப்பில் வளையல் போட விடாமல், பூவையும் எடுத்துவிட்டு, பிறகு "அவர் போனதிலிருந்து அம்மா வெளியிலேயே வர்றதில்லை" என்று சொல்கிறோம். துக்கத்தின் கணக்கில் எழுதப்படுவதில் ஒரு பகுதி வழக்கத்தின் கணக்கு.

கோயில் குளம் போனால் சரியாகிவிடும் என்பவர்களிடம் எனக்குப் பெரிய சண்டை இல்லை. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது நிஜமான பலம். ஆனால் பிரதோஷத்துக்குப் போகும் பாட்டிக்கு எதெல்லாம் கிடைக்கிறது என்று கவனியுங்கள். குளித்துப் புடவை மாற்ற ஒரு காரணம், நாலு தெரு நடை, பிராகாரத்தில் கூட உட்கார ஐந்து பேர், பிரசாதத்தோடு ஊர்க்கதை. முழங்கால் விட்டுப்போய் அவர் கோயிலுக்குப் போவது நின்றால் இத்தனையும் சேர்ந்து நிற்கிறது. அப்போது "வீட்டிலேயே சாமி கும்பிடுங்க" என்பது பதில் இல்லை. முழங்காலுக்கு வைத்தியமும் ஓர் ஆட்டோவும்தான் பதில். மனதை ஆற்றிக்கொள்வது ஒரு வழி, தொல்லையின் வேரைப் பிடுங்குவது இன்னொரு வழி. இரண்டில் எதை எங்கே கையாள்வது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் சமாளிப்பு. சரிசெய்யக்கூடிய தொல்லைக்கெல்லாம் "தியானம் பண்ணுங்கப்பா" என்று ஆலோசனை சொல்வது, சொல்கிறவருக்கு வேலை மிச்சம்.

"பழசையே பேசிக்கிட்டு இருக்கார், அதுதான் பிரச்சினை." இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-லேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். வயதானவர் கடந்த காலத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதை அன்றைக்கு மருத்துவர்களே மூளை தளர்வின் அடையாளம் என்றார்கள். அது வாழ்க்கையைக் கணக்குப் பார்த்து முடிச்சுகளை அவிழ்க்கும் இயல்பான வேலை என்று பட்லர் வாதாடினார். இன்று அதையே முறைப்படுத்திச் சிகிச்சையாகத் தருகிறார்கள். 1974 பஸ் ஸ்டிரைக் கதையை மாமா ஆரம்பித்தால் கேளுங்கள். கதை எப்போதும் ஒரே குற்ற உணர்வில், ஒரே பழியில் போய் முட்டி நின்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

கடைசிக் கோட்டை இது: "இந்த வயசுல டாக்டர்கிட்ட போய் என்ன ஆகப்போகுது?" மறுபடியும் கோவாதான் பதில் சொல்கிறது. அமித் டயஸும் சகாக்களும் அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அறுபது வயதைத் தாண்டிய 181 பேரை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் நோய் என்று சொல்லும் அளவுக்கு முற்றவில்லை. ஆனால் சோர்வின் அறிகுறிகள் தலைகாட்டியிருந்தன. பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பாதிக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். மனநல மருத்துவர்கள் அல்ல, சாதாரண ஆட்கள். அவர்கள் செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. உங்களை அரிக்கிற பிரச்சினை எது, அதில் இந்த வாரம் செய்யக்கூடியது எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தூக்கத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். சுகர் போன்ற நோய்களைக் கவனித்துக்கொள்ளும் விதத்தைச் சொன்னார்கள். அரசு உதவித்தொகைக்கு எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டினார்கள். ஒரு வருஷத்தில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 14.4 சதவீதம் பேர் மனச்சோர்வு நோயில் விழுந்தார்கள். ஆலோசனை பெற்றவர்களில் 4.4 சதவீதம். 2019-இல் வெளியான இது சிறிய ஆய்வுதான். ஆனாலும் "இந்த வயசுல பேசி என்ன மாறும்" என்பதற்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியாது.

மாத்திரையைப் பற்றிய பயம் தலைகீழாக இருக்கிறது. மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதும் மாத்திரையை "பழகிடும், அடிமையாக்கிடும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். அவை போதைபோல அடிமையாக்குவதில்லை; வேலை செய்ய சில வாரங்கள் பிடிக்கும், நிறுத்தும்போது மருத்துவர் சொன்னபடி படிப்படியாக நிறுத்த வேண்டும், வயதானவர்களுக்குச் சில நேரம் ரத்தத்தில் உப்பு குறையும் என்பதால் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதே வீட்டில், மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்காக வாங்கிப் போடும் அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரை இருக்கும். உண்மையில் பழகிக்கொள்வது அதுதான். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதில் அதற்குப் பங்கு உண்டு. அதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. அதையும் மருத்துவரோடு பேசித்தான் குறைக்க வேண்டும்.

செலவு? மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கவும் மாத்திரை வாங்கவும் காசு வேண்டாம். ராத்திரியில் மனம் கனத்தால் 14416-ஐ அழைக்கலாம். அது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவை, தமிழிலேயே பேசுவார்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சை வயசாளி புலம்பல் என்று தள்ளாமல், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அல்லது இந்த எண்ணை அழைக்க வேண்டும். முதியவர்கள் தற்கொலைக்கு முயல்வது இளையவர்களைவிடக் குறைவு. முயன்றால் பிழைப்பதும் குறைவு.

சிகிச்சை வாசல்வரை வர முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே அவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். உலகமெங்கும் ஆரம்பப் பரிசோதனைக்குப் பயன்படும் கேள்விகள்தான்: "போன ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமில்லாம, சந்தோஷம் இல்லாம இருக்கா? மனசு துவண்டு, விட்டுப்போன மாதிரி இருக்கா?" பெரும்பாலான நாட்களில் ஆம் என்றால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கேட்கும்போது மகனும் மருமகளும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோவாவில் சாதாரண ஆட்களால் முடிந்தது இவர்களாலும் முடியும். அந்தப் பெண்களின் கையில் ஏற்கெனவே நிறைய பதிவேடுகள், கிடைப்பதோ ஊக்கத்தொகை. இந்த இரண்டு கேள்வியையும் அவர்கள் தலையில் இலவசமாகக் கட்டிவிடாமல், பயிற்சியும் அதற்குத் தனி ஊதியமும் கொடுத்துத்தான் கேட்கச் சொல்ல வேண்டும்.